வேலை உடுப்பு முதலில்: மலைநாட்டு அலுமாரிக்கு நான்கு வழிகள்

வீட்டில் ஒரு பக்கம் கூரைத் தகரம் மாற்றும் வேலை நடக்கிறது. இன்னொரு பக்கம் பின்னால் இருக்கும் மரக்கறித் தோட்டத்தில் லீக்ஸுக்கு மண் அணைக்க வேண்டும். இப்படியொரு நேரத்தில்தான் அலுமாரியில் உடுத்த ஒன்றுமில்லை என்பது தெரிய வரும். உடுப்பு என்னவோ நிறைய இருக்கும். தீபாவளிக்கு எடுத்தது, கல்யாண வீட்டுக்கு எடுத்தது, வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்தது என்று மூன்று தட்டும் நிறைந்திருக்கும். சனிக்கிழமை காலையில் மண்வெட்டியோடு இறங்க மட்டும் ஒன்றும் இராது.

நம் பக்கத்தில் உடுப்பு வாங்குவது பண்டிகையை ஒட்டித்தான். தேயிலைத் தோட்டத்தில் தீபாவளி முற்பணம் கைக்கு வந்ததும் டவுனுக்குப் போய்க் குடும்பத்துக்கே எடுத்து முடித்துவிடுவோம். அப்படிச் சேர்ந்த உடுப்பு வருடத்தில் சில நாட்களுக்குத்தான் உதவும். மற்ற நாட்களை எதையோ மாட்டிக்கொண்டு ஓட்டுகிறோம். வீட்டு வேலையும் தோட்ட வேலையும் சேர்ந்து வரும் வருடத்தில் அந்த ‘எதையோ’ தீர்ந்து போகும். அப்போது புதிதாக ஒரு ஒழுங்குக்கு வரத்தான் வேண்டும்.

அதற்கு நான்கு வழி உண்டு. இருப்பதையே பழசாக்கி வேலைக்கு இறக்கலாம். நுவரெலியா மாதிரி இடங்களில், மூட்டையாக வந்திறங்கும் உடுப்பை விற்கிற பேல் கடையில் பொறுக்கலாம். துணி எடுத்துத் தைக்கக் கொடுக்கலாம். அல்லது கடையில் புதிதாக ரெடிமேட் வாங்கலாம். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வேலை உடுப்பை முதலில் வாங்குங்கள், அதைப் பெரும்பாலும் பேலில் வாங்குங்கள். வெளியே போகிற உடுப்பைத் தையற்காரரிடம் கொடுங்கள். அதற்கு அவசரமில்லை.

விலையைப் பார்க்கும் முன் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: துவைத்தது காய்கிற நேரம். முப்பது உருப்படி இருந்தால் வருடம் முழுக்க ஓட்டலாம் என்று ஆலோசனை சொல்கிறவர்கள் வீட்டில் துவைத்தது அன்றைக்கே காய்கிறது. நமக்கு அப்படியா? ஹட்டன், வட்டவளை, நோர்வூட், மஸ்கெலியா பக்கம் தென்மேற்குப் பருவமழை மே மாதத்தில் பிடித்தால் செப்டெம்பர் வரைக்கும் விடாது. அதே மாதங்களில் பதுளை, பண்டாரவளை பக்கம் காற்றும் வெயிலும்தான். அவர்கள் நனைகிற காலம் ஒக்டோபர் தொடங்கி ஜனவரி வரை. நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரியில் சில காலைகளில் உருளைக்கிழங்கு இலையே உறைபனியில் கருகிவிடும். பதுளை 700 மீட்டருக்கும் கீழே. அதனால் பதுளைக்காரருக்குப் பொருந்துகிற அலுமாரி நுவரெலியாக்காரருக்குப் பொருந்தாது. ஹட்டன்காரருக்கு இரண்டுமே பொருந்தாது.

ஜூன் மாதத்து ஹட்டனில் டெனிம் களிசானைத் துவைத்து இஸ்தோப்பில், அதாவது வீட்டு முன் விறாந்தையில், கொடியில் போட்டுப் பாருங்கள். மூன்றாம் நாள் கால் பகுதி காய்ந்த மாதிரி இருக்கும். இடுப்புப் பட்டியை, பையின் உள் துணியை, உள்தொடைத் தையலை விரலால் அழுத்தினால் இன்னும் சில்லென்று இருக்கும். காய்ந்துவிட்டது என்று அதை மடித்து வைத்தால் இரண்டு நாளில் புளித்த வாடை வரும், பக்கத்தில் இருக்கிற உடுப்புக்கும் ஏறும். பருத்தி தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பொலியெஸ்டர் நூல் தண்ணீரை உறிஞ்சாது, ஆகவே பிழிந்து உதறிப் போட்டால் மழை நாளிலும் மறுநாள் உடுத்தலாம். கம்பளி காயத் தாமதமாகும், ஆனால் கொஞ்சம் ஈரமாக இருந்தாலும் சூட்டை விடாது.

எனவே என் கணக்கு இப்படி. மழைக்காலத்தில் உங்கள் வீட்டில் ஒரு உடுப்பு காய எத்தனை நாள் ஆகிறதோ, அதோடு இரண்டைக் கூட்டுங்கள். தினமும் தோட்டத்தில் இறங்குகிறவருக்கு அத்தனை வேலைச் செட் வேண்டும்: ஒன்று உடம்பில், ஒன்று மடிப்பில், மற்றது கொடியில். காய மூன்று நாள் எடுக்கிற தடித்த பருத்தி என்றால் ஐந்து செட். ஒரு நாளில் காய்கிற துணி என்றால் மூன்று போதும். விலை குறைவு என்று காயாத துணியை வாங்கினால் அதையே இன்னும் இரண்டு வாங்க வேண்டி வரும்.

பொலியெஸ்டருக்கு ஒரு பயம் உண்டு. விறகடுப்பு உள்ள குசினியில் ஒரு பொறி பறந்து விழுந்தால் பருத்தியில் கருகிய புள்ளி விழும். ஃப்ளீஸ் என்கிற மெத்தென்ற பொலியெஸ்டர் குளிர் உடுப்பில் விழுந்தால் உருகி ஓட்டையாகி, தோலிலும் ஒட்டிக்கொள்ளும். அதைப் போட்டுக்கொண்டு அடுப்பு ஊதக் கூடாது, அடுப்புக்கு மேல் கொடி கட்டி உலர்த்தவும் கூடாது. குசினிக்குப் பருத்தி, தோட்டத்துக்குப் பொலியெஸ்டர் என்று வைத்துக்கொண்டால் சரி.

இனி முதல் வழி. வெளியே போட்டது பழசானால் வீட்டுக்கு, வீட்டில் போட்டது பழசானால் தோட்டத்துக்கு, அதுவும் கிழிந்தால் பானை இறக்குகிற கரித்துணிக்கு. அம்மாமார் காலத்திலிருந்து வருகிற வரிசை இது. காசு செலவில்லை, எதுவும் வீண் போவதில்லை, அதனால் இதை யாரும் குறை சொல்வதில்லை. ஆனால் தோட்டத்துக்கு வந்து சேரும்போது அந்தத் துணி அதன் வாழ்நாளிலேயே மெலிந்த நிலையில் இருக்கிறது. முழங்கால் தேய்ந்து, முழங்கை பஞ்சாகி, பின்பக்கம் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டிருக்கும். தோட்ட வேலைக்கு வேண்டியதோ தடித்த துணி. குளிருக்கும் அது தாங்காது, முள்ளுக்கும் தாங்காது.

வடிவமும் பொருந்தாது. பழைய சுடிதாரின் கால் தொளதொளவென்று சேற்றை ஏற்றிக்கொள்ளும். துப்பட்டாவைப் போட்டால் சவ்சவ் பந்தலில் மாட்டும். பழைய சேலையை உடுத்திக்கொண்டு ஏணியில் ஏறிக் கூரைப் பீலியில் அடைத்த இலையை அள்ளுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

அதைவிடப் பெரிய நட்டம் கண்ணுக்குத் தெரியாது. வேலைக்கென்று ஒன்றும் இல்லாத வீட்டில் நல்ல உடுப்புத்தான் வேலைக்குப் போகும். ‘ஐந்து நிமிஷம்தானே’ என்று கதவுக்கு எனாமல் பெயின்ட் தொட்டு வைக்கப் போனால் ஒரு சொட்டில் சட்டை முடிந்துவிடும். சுவருக்கு அடிக்கிற இமல்ஷன் ஈரமாக இருக்கும்போதே கழுவினால் தண்ணீரில் போகும். எனாமலுக்கு டர்பன்டைன் வேண்டும், அதுவும் உலர்வதற்குள். சீமெந்து இறுகிவிட்டால் எதற்கும் அசையாது, வாழைக் கறையும் அப்படித்தான். இப்படி இன்னும் நாலு வருடம் ஓட வேண்டிய சட்டை ஒரு மத்தியானத்தில் தோட்டத்துக்கு இறங்கிவிடுகிறது. இந்த வழி இலவசம் என்று சொல்வது அதனால்தான் எனக்குப் பாதிதான் உண்மை.

பழசில் சில வேலைக்கு உண்மையிலேயே நல்லவை. வளர்ந்துவிட்ட பிள்ளைகளின் முழுக்கைச் சட்டை, வீட்டு ஆண்களின் தடித்த காற்சட்டை, இறுக்கமாக நெய்த பழைய சாரம். மண் வெட்டும்போது சாரத்தை மடித்துக் கட்டுகிற ஆண்களைப் பார்த்து நகரத்துப் பிள்ளைகள் சிரிக்கலாம். அட்டை ஏறினால் உடனே கண்ணில் படுவது அவர்களுக்குத்தான். களிசானுக்குள் ஏறிய அட்டை குடித்து முடித்து விழுந்த பிறகுதான் தெரியும். பழைய துணி எதுவானாலும் இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பாருங்கள். நூல் முறியும் சத்தம் கேட்டால் அது கரித்துணி. கேட்காவிட்டால் வேலைக்கு எடுக்கலாம்.

அடுத்தது பேல். மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிற உடுப்பு. நுவரெலியா பேல் பஜார் குளிர் உடுப்புக்குப் பெயர் போன இடம். சுற்றுலா வருகிறவர்கள் நடுங்கிக்கொண்டு ஓடுவதும் அங்கேதான். பாவித்த உடுப்பும் கிடைக்கும், ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சியதும் கிடைக்கும். 1992இல் கிராமப்புறங்களுக்கு 200 ஆடைத் தொழிற்சாலைகள் என்ற திட்டம் தொடங்கியது முதல் நம் நாட்டின் உள்ளூர்களிலும் வெளிநாட்டுக்கான உடுப்பு தைக்கப்படுகிறது. ஒரு தையல் கோணினால், நிறம் கொஞ்சம் மாறினால் கப்பலேறாது. கழுத்தில் இருக்கும் லேபல் வெட்டப்பட்டிருக்கிற நல்ல ஜக்கட்டைப் பார்த்தால் பெரும்பாலும் அந்த வகை என்று எடுத்துக்கொள்ளலாம்.

பேலில் பொறுக்குவதற்குக் கண்ணைவிடக் கை முக்கியம். மழை ஜக்கட்டைக் கையில் எடுத்ததும் வெளிப்பக்கத்தைப் பார்த்து மயங்காமல் உள்ளே திருப்புங்கள். தோள் பகுதியில் கட்டை விரலை வைத்து அழுத்தித் தேயுங்கள். வெள்ளைப் பொடி உதிர்ந்தாலோ, செதில் கிளம்பினாலோ, விரல் பிசுபிசுவென்று ஒட்டினாலோ வைத்துவிடுங்கள். தண்ணீர் புகாமல் இருக்க உள்ளே பூசியிருக்கும் பொலியூரித்தேன் பூச்சு ஈரக் காற்றில் தானாகவே சிதைந்து போகும். போடாமல் மடித்து வைத்திருந்தாலும் சிதையும். அந்த ஜக்கட் வெளியே புதுசு, மழைக்கு வெறும் துணி. தோல் மாதிரி மினுங்குகிற ஜக்கட்டுகளுக்கும் இதே கதிதான். மொத்தமான அடியுள்ள சப்பாத்துகளையும் பேலில் வாங்காதீர்கள். அடி நுரை பழசாகியிருந்தால், கடையில் நின்றபடி போட்டுப் பார்க்கும்போது நன்றாக இருக்கும், இறக்கத்தில் நாலு எட்டு வைத்ததும் கேக் மாதிரிப் பிய்ந்து வரும்.

சிப்பை இரண்டு மூன்று தரம் ஏற்றி இறக்குங்கள். புது சிப் போடத் தையற்காரர் வாங்கும் கூலியைச் சேர்த்தால் பல ஜக்கட் மலிவாக இராது. கம்பளிச் சுவெட்டரை வெளிச்சத்துக்கு நேரே விரித்துப் பிடித்தால் பூச்சி தின்ற ஓட்டை ஊசிக்கண் மாதிரித் தெரியும். அளவு பார்க்கும்போது தோள் பொருந்த வேண்டும், மற்றதைப் பிறகு பார்க்கலாம். கை நீளத்தை வெட்டி மடித்துவிடலாம், இடுப்பை உள்ளே பிடித்துவிடலாம். தோளைக் குறைப்பதென்றால் கையைக் கழற்றித் திரும்ப வைக்க வேண்டும். அதற்குப் புதிதாகவே தைத்துவிடலாம். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அலுமாரிக்குள் விடாமல், பொலியெஸ்டரையும் பருத்தியையும் சுடுதண்ணீரில் சவர்க்காரம் போட்டு ஊறவைத்துத் துவையுங்கள். கம்பளியைச் சுடுதண்ணீரில் போட்டால் பிள்ளைக்குத்தான் அளவாக வரும்.

பேலின் குறை என்ன? நினைத்தது கிடைக்காது, கிடைப்பதைத்தான் நினைக்க வேண்டும். ஒரே மாதிரி மூன்று களிசான் தேடினால் அரை நாள் போய்விடும். இன்னொன்று, மலிவு என்ற மயக்கம். தேவையில்லாத ஐந்து ஜக்கட்டோடு வீட்டுக்கு வந்தவர்கள் எத்தனை பேர்! தாளில் எழுதிக்கொண்டு போவது நல்லது: ஒரு ஃப்ளீஸ், ஒரு மழை ஜக்கட், பை உள்ள இரண்டு பொலியெஸ்டர் களிசான். அதற்கு மேல் கை நீளக் கூடாது.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கணக்கு. 1,500 ரூபாய்க்குப் பேலில் எடுத்த ஃப்ளீஸை வருடத்தில் நூறு நாள் வீதம் இரண்டு வருடம் போட்டால் ஒரு நாளைக்கு ஏழரை ரூபாய். 6,000 ரூபாய்க்கு எடுத்த பண்டிகைச் சுடிதாரை வருடத்துக்கு ஆறு நாள் வீதம் மூன்று வருடம் போட்டால் ஒரு நாளைக்கு 333 ரூபாய்க்கு மேல் வரும். பண்டிகைக்கு எடுக்க வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் அதற்குக் கூசாமல் கொடுக்கிற கை, தினமும் போடுகிற உடுப்புக்கு மட்டும் ஏன் சுருங்குகிறது என்றுதான் கேட்கிறேன்.

தையற்காரர் வழி மெதுவான வழி. ஹட்டனோ பண்டாரவளையோ, டவுன் என்றால் மாடிப்படிக்குக் கீழே மெஷின் போட்டிருக்கிற ஒருவராவது இருப்பார். தீபாவளிக்கு முன்னாலும் பாடசாலை தொடங்குகிற காலத்திலும் அவரிடம் போனால் திகதிதான் கிடைக்கும், உடுப்புக் கிடைக்காது. இடையில் உள்ள மாதங்களில் போங்கள். அப்போதுதான் நீங்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கவும் அவருக்கு நேரமிருக்கும்.

பாடசாலைக்கோ அலுவலகத்துக்கோ சேலை கட்டுகிறவர்களுக்குத் தையலை விட்டால் வழியில்லை. ரவிக்கைக்கு இரண்டு பக்கமும் உள்ளே துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள், உடம்பு கூடினாலும் குறைந்தாலும் அதே ரவிக்கை ஓடும். பருத்தித் துணியைக் கொடுக்கும் முன் ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போட்டு அயர்ன் பண்ணுங்கள். சுருங்குவது அளவெடுக்கும் முன்னே சுருங்கட்டும். வெளியே போகிற இரண்டு செட்டை ஒன்றோடொன்று மாற்றிப் போடுகிற மாதிரி நிறம் பார்த்து எடுத்தால் நான்கு செட் வேலையைச் செய்யும். கடையில் தொங்குகிறதில் இந்தப் பொருத்தம் அமைவது அதிர்ஷ்டம்.

ஆனால் வேலைக் களிசானைத் தையலில் கொடுப்பது எனக்கு ஒப்பவில்லை, ஒரு விதிவிலக்கைத் தவிர. தடித்த ட்ரில் துணியில், முழங்காலுக்கு இரட்டைத் துணி வைத்து, கவ்வாத்துக் கத்தி நிற்கிற ஆழத்துக்குப் பை வைத்துத் தைத்துத் தர ஒருவர் கிடைத்தால் அது பேலில் எடுத்த மூன்றுக்குச் சமம். பதுளை, பண்டாரவளை இருக்கிற ஊவாப் பக்கத்துக்காரர்கள், ஜூன், ஜூலையில் வெயிலில் காயப்போட முடிகிறவர்கள், தாராளமாகத் தைக்கலாம். ஹட்டன் பக்கம் ட்ரில் காயாது.

தையற்காரரிடம் கட்டாயம் கொடுக்க வேண்டியது இன்னொன்று, அது உடுப்புக் கணக்கில் வராது. கொழுந்து பறிக்கிற பெண்கள் இடுப்பில் கட்டுகிற படங்கைப் பாருங்கள். தேயிலைச் செடியின் ஈரத்தையும் குச்சிக் கீறலையும் அது வாங்கிக்கொள்கிறது, உள்ளே இருக்கிற உடுப்புத் தப்பிவிடுகிறது. இடுப்பிலிருந்து முழங்காலுக்குக் கீழ் வரைக்கும் மறைக்கிற மாதிரி ஒரு தார்ப்பாய்த் துண்டையோ கழுவிய உரப்பையையோ நாடா வைத்துத் தைத்துக்கொண்டால் மரக்கறிப் பாத்திக்கும் அதுவே போதும். துவைக்கத் தேவையில்லை, ஒரு வாளி தண்ணீரை ஊற்றி ஆணியில் மாட்டினால் காய்ந்துவிடும். மழைக்குச் சாக்கை மடித்துக் கொங்காணி போட்டவர்களுக்கும் இதே கணக்குத்தான் தெரிந்திருந்தது. வேலைச் செட்டில் ஒன்றையாவது இது குறைத்துவிடும்.

புதிய ரெடிமேடைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. உள்ளாடை, காலுறை, கம்பூட்ஸ் இவற்றைப் புதிதாகத்தான் வாங்க வேண்டும், அதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. அட்டைக்காக இறுக்கமாக நெய்த நீளக் காலுறை இரண்டு சோடியாவது வேண்டும். சம்பள நாளை ஒட்டித் தோட்டத் தொழிலாளர் லயத்துப் பக்கம் மூட்டையோடு வந்து தவணைக்குக் கொடுக்கிறவர்களிடம் வாங்கும்போது மொத்தத் தொகையை வாய்விட்டுக் கேட்டு, டவுன் விலையோடு ஒப்பிடுங்கள். தவணை சிறிதாக இருப்பதால் விலை சிறிது என்று ஆகாது.

யாருக்கு எது? வீட்டிலேயே இருந்து தோட்டத்தையும் பிள்ளைகளையும் பார்க்கிறவர் என்றால் பணத்தில் பெரும்பங்கைப் பேலுக்கு ஒதுக்கலாம், வெளியே போக இரண்டு நல்ல செட் போதும். ஐந்து நாள் வேலைக்குப் போய் சனி, ஞாயிறில் மட்டும் மண் தொடுகிறவருக்கு வேலைச் செட் இரண்டும் ஒரு படங்கும் போதும். மிச்சப் பணம் தையலுக்கு. வீடு கட்டிக்கொண்டோ திருத்திக்கொண்டோ இருக்கிறவர்கள் அந்த வேலை முடிகிற வரைக்கும் நல்லது எதையும் வாங்காமல் இருப்பதே மேல். பெயின்ட், சீமெந்து, சுண்ணாம்பு எல்லாம் வீட்டை விட்டுப் போகட்டும். அதுவரைக்கும் பழசில் தேறியதும் பேலில் எடுத்ததும் கைகொடுக்கும். கையில் காசே இல்லை என்றால் படங்கையும் கம்பூட்ஸையும் மட்டும் முதலில் எடுங்கள், மற்றதைப் பழசில் ஓட்டலாம்.

வாங்கியதைக் காப்பாற்றுவதும் இந்தக் கணக்கில் சேரும். இரும்பு அலுமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் ஒரு கை அகலம் விடுங்கள். குளிர்ந்த சுவரில் வேர்க்கிற ஈரம் முதலில் பின் தட்டில்தான் பூஞ்சணமாகும். பூச்சி உருண்டை பூச்சியைத்தான் விரட்டும், பூஞ்சணத்துக்கு அது ஒன்றும் செய்யாது. கஞ்சி போட்ட சேலையை மாதக்கணக்கில் மடித்து வைக்காதீர்கள். பூஞ்சணத்துக்கும் வெள்ளி மீன் பூச்சிக்கும் அந்தக் கஞ்சிதான் சாப்பாடு. சரிகைச் சேலையைப் பிளாஸ்டிக் பையில் கட்டாமல் பழைய வேட்டித் துணியில் சுற்றுங்கள். வேலை உடுப்பு அலுமாரிக்குள் வரவே கூடாது. அதற்கு இஸ்தோப்பில் நாலு ஆணி போதும்.

பேலுக்குப் போகிறதென்றால் ஏப்ரலில் போகாதீர்கள். சீசனுக்குக் கொழும்பிலிருந்து வந்த கூட்டம் ஜக்கட்டுக்குச் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டுப் போகும், பேரம் பேசுகிற நம்மை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பெருநாள் கூட்டமும் பாடசாலை விடுமுறையும் இல்லாத ஒரு வார நாளில், காலையிலேயே, எழுதிய தாளோடு போங்கள்.